இல்லமும் கைவேலையும்: ஒழுகும் மீன் தொட்டி

கோடை விடுமுறையை ஊரில் கழித்துவிட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் திரும்பும் நம் குடும்பங்களை வீட்டு வாயிலிலேயே எதிர்கொள்ளும் சங்கடங்கள் பல. சில வீடுகளில் அவற்றுள் ஒன்று, கூடத்து மூலையில் இருக்கும் மீன் தொட்டி. அதன் அடிப்பலகை ஊறிப் பருத்திருக்கும். சுவரோரம் நீர் ஓடிய தடம் தெரியும். கீழ் வீட்டுக்காரர் தம் கூரையில் படர்ந்துள்ள ஈரத்தைச் சொல்ல மாடியேறி வந்த பிறகே விஷயம் விளங்குவதும் உண்டு. வாடகை வீட்டில், அதுவும் மொழி வேறான நகரில், அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒழுகும் மீன் தொட்டியைச் சீர்செய்யும் முறையை இம்மாதம் எழுத எடுத்துக்கொண்டோம்.

இது குறித்து மக்களிடையே இரு எண்ணங்கள் வழங்கி வருகின்றன. ஒழுகத் தொடங்கிய தொட்டி உதவாது, எறிந்துவிட வேண்டியதே என்பது ஒன்று. ஒழுகும் இடத்தில் வெளியிலிருந்து ஏதேனும் ஒரு பசையை அப்பிவிட்டால் போதும் என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் பணம் வீணாகும். இரண்டாவதால் பணத்தோடு மீன்களும் போகும். கண்ணாடியில் விரிசல் இல்லாத சிறு தொட்டியைப் பெரும்பாலும் வீட்டிலேயே செப்பனிட்டுவிடலாம். ஆனால் பழைய பூச்சை முழுவதும் களைந்து, உட்புறமிருந்து புதிதாகப் பூசி, அது இறுகும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் பட்ட பாடு வீணே.

ஒழுக்குத்தானா?

தொட்டியின் கீழே ஈரம் கண்டவுடன் ஒழுக்கு என்று முடிவு கட்டலாகாது. காற்றுப் பம்பு எழுப்பும் குமிழிகள் நீரின் மேல் வெடித்துத் தெறிப்பதால், மூடியின் விளிம்பு வழியே நீர் வடிவதுண்டு. மழைக்காலத்தில், தொட்டி நீர் அறைக் காற்றைவிடக் குளிர்ந்திருக்குமானால், கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டும்.

மின்சாரம் நின்றுபோகும் வேளையில் வேறொரு வினையும் நிகழும். பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், காற்றுக் குழாயின் வழியே நீர் பின்னோக்கி ஏறி இறங்கித் தரையில் கொட்டும். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதும், குழாயின் நடுவே ஒருவழி வால்வு பொருத்துவதும் இதற்குப் பரிகாரம். தொட்டியில் பழுது ஏதும் இல்லை.

வெயில் நாட்களில் மின்விசிறிக்கு அடியில் உள்ள திறந்த தொட்டியில் நீர் ஆவியாகிக் குறைவதும் இயல்பே. ஐயம் தீர ஓர் எளிய சோதனை உண்டு. தொட்டியை ஒத்த வாயகன்ற பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி அருகில் வையுங்கள். காற்றுப் பம்பை நிறுத்தாமலே இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவி. தொட்டி மட்டும் தெளிவாக மிகுதியாக இறங்கியிருந்தால் அது ஒழுக்கு.

இடம் காணுதல்

ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மழை நீர் ஓரிடத்தில் ஓட்டுக்குள் புகுந்து, கைமரத்தின் வழியே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு மாற்றினால் பயன் இராது. மீன் தொட்டியும் அவ்வாறே. மேலே பக்க மூட்டில் கசியும் நீர், மூட்டு வழியாகவே இறங்கி அடி மூலையில் வந்து சொட்டும்.

ஆதலின், வெளிப்புறத்தை நன்கு துடைத்து உலர்த்துங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மூட்டுகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். நீர் முதலில் எங்கே கோடிழுக்கிறது என்பதை அது காட்டிவிடும். இதிலும் புலப்படாவிட்டால், மீன்களை வேறிடம் மாற்றிவிட்டு நீரை அதன் போக்கில் குறைய விடுங்கள். எந்த உயரத்தில் நீர் இறங்குவது நிற்கிறதோ, ஒழுக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கடைசி வரை இறங்கிக்கொண்டே இருந்தால், கோளாறு அடி மூட்டில் என்று கொள்க.

மீன்களுக்கு முதல் ஏற்பாடு

மின்சாரத்தில் எச்சரிக்கை முதற்கண் வேண்டும். நீரில் கை வைக்கும் முன் பம்பு, விளக்கு, வெந்நீர்க் கருவி அனைத்தின் பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும். குளிர்காலத்தில் தில்லி போன்ற ஊர்களில் தொட்டிக்குள் வைக்கும் வெந்நீர்க் கருவியை அணைத்து, அது ஆறிய பிறகே நீரை இறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது நீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடிக் குழல் வெடித்துவிடக்கூடும்.

பிறகு, சோப்பு படாத பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மீன் தொட்டியின் பழைய நீரையே ஊற்றி, மீன்களை அதில் விடுங்கள். பழைய நீர் அழுக்கு நீர் என்று எண்ணிக் கொட்டிவிட வேண்டாம். மீன்களுக்குப் பழகிய நீர் அதுவே. வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவவும் கூடாது. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அவற்றுக்கு நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய் நீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். பஞ்சு உலர்ந்தாலும் அவை மடியும். ஆகவே வடிகட்டியையும் காற்றுப் பம்பையும் தற்காலிகத் தொட்டியிலேயே ஓடவிட வேண்டும்.

மேலே வலையோ துளையுள்ள மூடியோ போடுங்கள். புதிய இடத்தில் மீன்கள் துள்ளி வெளியே விழுவதுண்டு. இரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சிறிதளவே போதும். சில நாள் குறைவாக உண்பதால் வளர்ந்த மீனுக்குக் கேடில்லை. மிஞ்சிய இரை அழுகுவதால் உண்டாகும் கேடே பெரிது. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அதற்கான குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை இட்டோ பயன்படுத்துங்கள்.

மூட்டின் இயல்பு

வேலையில் இறங்கும் முன் தொட்டியின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நன்று. 1853-ஆம் ஆண்டில் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் கோஸ் என்பவர் எழுதிய நூலால் வீட்டில் மீன் வளர்க்கும் ஆர்வம் இங்கிலாந்தில் பரவியது. நம்மவர் பலர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிய மும்பைத் தாராபூர்வாலா மீன் காட்சிசாலை 1951-இல் திறக்கப்பட்டது. அக்காலத்து வீட்டுத் தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து, எண்ணெயில் பிசைந்த புட்டியால் அடைக்கப்பட்டவை. வெறுமையாக வைத்தால் புட்டி காய்ந்து வெடிக்கும், உடனே ஒழுகும். 1960-களுக்குப் பிறகு சிலிக்கோன் பசை புழக்கத்துக்கு வந்து, சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் முறை படிப்படியாக நிலைபெற்றது.

இன்றைய தொட்டியில் சிலிக்கோன் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரு கண்ணாடிகளின் விளிம்புகளுக்கு நடுவே மெல்லியதாக இருப்பது, சுமையைத் தாங்கும் மூட்டு. உள்மூலையில் வரம்பு போல ஓடுவது, அம்மூட்டைக் காக்கும் பூச்சு. பாசி சுரண்டும் பிளேடு பட்டும், நாளடைவில் விளிம்பு பெயர்ந்தும், முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த உட்பூச்சே.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நம் ஏரிக்கரைகள் மேலே குறுகியும் அடியில் அகன்றும் இருப்பதன் காரணமும் இதுவே. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட சிறிய தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அது நிறைந்திருக்கும்போது முன்கண்ணாடியை நீர் தள்ளும் விசை 27 கிலோ எடைக்குச் சமம். நீளம் 90 செ.மீ., அகலமும் உயரமும் 45 செ.மீ. உள்ள தொட்டியிலோ அது 91 கிலோவாக உயர்ந்துவிடுகிறது. இவ்விசை உள்ளிருந்து வெளியே தள்ளுவது. வெளியே அப்பிய பசையை அது நாள்தோறும் தள்ளிப் பெயர்த்துக்கொண்டே இருக்கும். உட்புறத்துப் பூச்சையோ அதே விசை மூலையோடு சேர்த்து அழுத்துகிறது. உள்ளிருந்து பூச வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

தாமே செய்யத் தகாதவையும் உண்டு. கண்ணாடியில் விரிசல் கண்டால் அதன் மேல் பூசுவது வீண்; அக்கண்ணாடியையே மாற்ற வேண்டும். விளிம்பு வழியாக நோக்கும்போது, கண்ணாடிகளுக்கு நடுவேயுள்ள மூட்டில் நீண்ட வெண்கோடுகளோ ஊடுருவிச் செல்லும் குமிழிகளோ தென்பட்டால், சுமை தாங்கும் மூட்டே விட்டுப்போயிற்று என்று அறிக. அத்தகைய தொட்டியையும், 45 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள தொட்டியையும், தொட்டி செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒப்படைப்பது அறிவுடைமை. கொல்கத்தாவில் கேலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, மும்பையில் கிராஃபோர்டு சந்தை, சென்னையில் கொளத்தூர் ஆகியவை இத்தொழில் அறிந்தோரை விசாரிக்கத் தக்க இடங்கள்.

பசை வாங்குதல்

கடையில் சிலிக்கோன் என்று கேட்டவுடன் எடுத்துத் தருவதை வாங்கிவிடக் கூடாது. குளியலறைக்கும் சமையலறைக்கும் என விற்கும் வகைகளில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது மீனுக்கு நஞ்சு. உறையில் மீன் தொட்டிக்கு ஏற்றது என்று தெளிவாக அச்சிட்ட, வேறு மருந்து கலவாத முழுச் சிலிக்கோனையே கேட்டு வாங்குங்கள். தொட்டிக்கு ஏற்ற வகை பெரும்பாலும் பூசும்போது காடியின் புளிப்பு மணம் வீசும். நாம் சொன்ன 60 செ.மீ. தொட்டிக்கு உள்மூலைகளின் மொத்த நீளம் 300 செ.மீ. மட்டுமே. 280 மில்லி லிட்டர் கொண்ட ஒரு குழல் தாராளமாகப் போதும். திறந்து நெடுநாளான பழைய குழலைத் தொடவே வேண்டாம்; அது சரியாக இறுகாது.

வேலை முறை

தொட்டியைக் காலி செய்து, சோப்பு இன்றி வெறும் நீரால் கழுவி உலர்த்துங்கள். பிறகு கூரிய பிளேடால் உள்மூலைப் பூச்சை இருபுறமும் கண்ணாடியை ஒட்டி அறுத்து, நீளமாக உரித்தெடுங்கள். கண்ணாடிகளின் நடுவே பிளேடை நுழைத்துவிடக் கூடாது. சுமை தாங்கும் மூட்டு அறுபட்டுவிடும்.

ஒழுகும் மூலையை மட்டும் உரித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உளர். போதாது. இறுகிய பழைய சிலிக்கோன் மேல் புதிய சிலிக்கோன் உறுதியாக ஒட்டாது. அது கண்ணாடியில்தான் பிடிக்கும். ஒரு மூலையை மட்டும் புதுப்பித்தால், புதியதும் பழையதும் சந்திக்கும் இடத்தில் அடுத்த ஒழுக்குக்கு வழி திறந்துவிடும். ஆகவே நான்கு செங்குத்து மூலைகளையும் நான்கு அடி மூலைகளையும் சேர்த்தே உரிக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கே அரை நாள் ஆகும். அலுப்புத் தட்டி இங்கே கைவிடுபவர்களின் தொட்டியே மீண்டும் ஒழுகுவது.

உரித்த பின் கண்ணாடியில் மெல்லிய படலம் எஞ்சியிருக்கும். விரலால் தடவினால் வழுக்காமல் பிடிக்கும் இடமெல்லாம் அப்படலமே. அதையும் சுரண்டியெடுத்து, தூய துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்குச் சுடரோ இருக்கலாகாது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும் ஆதலால் அது வேண்டாம். துடைத்த இடத்தை அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள்.

இனி, மூலையின் இருபுறமும் 6 மில்லி மீட்டர் விட்டு, மாஸ்கிங் டேப் எனப்படும் காகித ஒட்டு நாடாவை நேராக ஒட்டுங்கள். குழலின் மூக்கைச் சாய்வாக வெட்டி, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராகப் பசையை இழுத்துச் செல்லுங்கள். ஒருவர் இழுக்க, கையுறை அணிந்த மற்றொருவர் பின்னாலேயே விரலால் ஒரே தடவையில் அழுத்தி வழித்துவர வேண்டும். பசையின் மேல் 5 முதல் 10 நிமிடத்துக்குள் ஆடை படிந்துவிடும். அதற்கு முன்பாகவே வழித்து முடித்து நாடாவையும் உரித்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் விரல் வைத்து அழகு பார்த்தால் பசை கிழிந்து குழியாகும். ஆதலால் இது இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. விவரம் அறிந்த பிள்ளைகளை நாடா உரிப்பதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். பிளேடும் அசிட்டோனும் மட்டும் அவர்கள் கைக்கு எட்டாதிருக்கட்டும்.

பொறுத்திருத்தல்

சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று இறுகுவது. வெளியே படிந்த ஆடையைக் கண்டு உள்ளும் இறுகியதாக நினைப்பது தவறு. மிதமான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லி மீட்டர் ஆழமே இறுகும். மும்பை மழைக்காலத்தில் சற்று விரைவாகவும், தில்லியின் குளிரிலும் வறண்ட காற்றிலும் தாமதமாகவும் இறுகும். பசைக் குழலில் கூறியுள்ள கால அளவு எதுவாயினும், உட்பூச்சுக்கு ஐந்து நாட்களுக்குக் குறையாமலும், இயன்றால் ஒரு வாரமும் விட்டுவிடுங்கள். காடி மணம் சிறிதளவு வீசினாலும் நீர் ஊற்றலாகாது. பூசி முடித்த தேதியைக் காகிதத்தில் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டிவிட்டால், "இன்றைக்கு மீனை விடலாமா, அப்பா?" என்ற கேள்விக்கு அக்காகிதமே விடை சொல்லும்.

இந்த இடைவேளையில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. தொட்டி வைக்கும் மேசையின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கால் தாழ்ந்திருந்தால் தொட்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். எத்துணை நன்றாகப் பூசினாலும் மூட்டு மறுபடி விடும். மேசையைச் சமன் செய்து, அடிச்சட்டம் இல்லாத தொட்டியாயின் அதன் கீழே தெர்மோகோல் தகடு ஒன்றை விரித்து வையுங்கள்.

சோதனை

ஒரு வாரம் கழிந்த பின், நீர் கொட்டினாலும் கேடில்லாத இடத்தில், சமதளமாக உள்ள தரையில் தொட்டியை வைத்து நீர் நிரப்புங்கள். ஒரேயடியாக நிரப்பாமல், முதலில் கால் பங்கு, சில மணி நேரம் கழித்து அரைப் பங்கு, பிறகு முழுமை என ஏற்றுங்கள். நிறைந்த தொட்டி இரண்டு நாட்கள் நிற்க, அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தால் வேலை செம்மையாக முடிந்தது. அந்நீரைக் கொட்டிவிட்டு, நீர் உள்ள தொட்டியை ஒருபோதும் தூக்காமல், மேசையில் அமர்த்திய பின்னரே மீன்களுக்குரிய நீரை ஊற்ற வேண்டும். தற்காலிகத் தொட்டியிலிருந்த நீரையும் கலந்து, வெப்பநிலை ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மீன்களை விடுங்கள். மின்கம்பிகள் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குச் செல்லாமல், ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறிச் செல்லட்டும். கம்பி வழியே இறங்கும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் புகாது.

ஊருக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு இறுதியாக ஒரு சொல். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே தொட்டியின் உட்பூச்சைச் சுற்றிலும் நோக்கி, பெயர்ந்த விளிம்பு ஏதும் உண்டா என்று பாருங்கள். இருக்குமாயின் அப்போதே பழுது பார்த்துவிடுங்கள். புறப்படும் வாரத்தில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். பூட்டிய வீட்டில் புதுப் பூச்சைச் சோதிப்பது, கீழ் வீட்டுக்காரரின் கூரையைப் பந்தயம் வைப்பதாகும். சாவியை அவரிடம் ஒப்படைத்துச் செல்லும்போது, தொட்டியின் பிளக்கு எது என்பதையும் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.